அறுபத்தெட்டு என்று எழுதியவனுக்கு

மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டு டைப்பிஸ்ட் எழுதுவது. ‘அன்புள்ள’ என்று தொடங்குவதுதான் முறை என்றார். இந்த ஒரு தடவை முறை தவறட்டும் என்றேன். இந்த மனிதர் நான் சொல்வதை இதமாக மாற்றிவிடுகிற ஆள். அதனால் ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் அடுத்ததற்குப் போகிறேன். இதில் எங்காவது சுருக்கென்று தைத்தால் அது கைதவறி விழுந்ததில்லை, வைத்ததுதான்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது என்னைக் கேட்காமல் முடிவெடுக்கிறது. உன் தங்கையும் பேத்தியும் நாலு மாதமாக என்னோடு இருக்கிறார்கள். பேத்திக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. உன் தங்கை காலை ஆறு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாள். பதினொரு வார்டுக்கும் துணிக் கிடங்கு இப்போது அவள் பொறுப்பு. மாப்பிள்ளை, அதுதான் அந்த ஆம்புலன்ஸ் டிரைவர், வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டே பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறான். பிள்ளை மேல் பாசம் ஒன்றும் வழிந்து ஓடவில்லை. தோற்க மனசில்லை, அவ்வளவுதான். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் அவனுடைய வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். பழுப்பேறி, மடித்த இடத்தில் கிழிந்த காகிதம். உன் தங்கை படித்த பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து எப்படியோ கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறான். அதில் அவள் பேர், அவள் வயது, கீழே ‘அறிவுத்திறன் அறுபத்தெட்டு, சராசரிக்கு மிகவும் கீழே’. அதற்கும் கீழே உன் கையெழுத்து. வக்கீல் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தான். “எழுதினது யாரோ இல்லீங்க அம்மா. இவங்க கூடப் பிறந்த அண்ணன். இன்னைக்கு வெளிநாட்டுல அறிவைப் பத்திப் பாடம் நடத்துற பேராசிரியர். அவரே சொல்றார், இவங்களால தன்னைப் பாத்துக்கிறதே கஷ்டம்னு. பொம்பளைப் பிள்ளையை எப்படிப் பாத்துக்குவாங்க?” என்றான். ஜட்ஜ் அம்மா காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். உன் தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

இருபத்திமூன்றாம் தேதி மறுபடி வாய்தா. அந்தக் காகிதம் அப்படியே நின்றால் பிள்ளை அவனோடு போய்விடும் என்று நம் வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏதோ பெரிய சபையில் பேசியதை டைப்பிஸ்ட் தன் போனில் போட்டுக் காட்டினார். அறிவு ஒன்றல்ல, எட்டு விதம் என்று ஒருத்தர், மூன்று விதம் என்று இன்னொருத்தர், கணக்கு மட்டும் அறிவல்ல, பாட்டும் அறிவு, கைவேலையும் அறிவு, அடுத்தவன் மனசைப் படிப்பதும் அறிவு என்றெல்லாம் சொன்னாய். நன்றாகத்தான் பேசினாய். பிறகு என்னை இழுத்தாய். “என் தந்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் பதினொரு வார்டுத் துணிகளையும் கறையைப் பார்த்தே எந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்” என்றாய். கைதட்டினார்கள். எனக்கு என்னவோ நான் போய்ச் சேர்ந்த பிறகு தட்டுகிறார்கள் என்று தோன்றியது. என்னைக் காட்டிக் கைதட்டல் வாங்கினாயே, மேஜை முன்னால் உட்கார வைத்து அறுபத்தெட்டு போட்டாயே ஒருத்திக்கு, அவளை ஏன் அந்தச் சபையில் சொல்லவில்லை?

நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். காலேஜில் மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்தாய். பத்துப் பிள்ளைகளைச் சோதித்து நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும், ஒன்பதுதான் கிடைத்தது, ஒன்று குறைகிறது என்றாய். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தது நான்தான். துணி மடிக்கிற மேஜையைத் துடைத்துக் கொடுத்ததும் நான்தான். காலேஜிலிருந்து இரவல் வாங்கிய மரப்பெட்டி, அதற்குள் பதினாறு கட்டை, சிவப்பும் வெள்ளையும். ஒரு கட்டைக்கு மூலை உடைந்திருந்தது. உன் கையில் ஓட்டிவிட்டு நிறுத்துகிற கடிகாரம்.

முதலில் கேள்வி. வெள்ளைக்கு எதிர்ப்பதம் என்ன என்றாய். கறை என்றாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? நாற்காலியும் கட்டிலும் எந்த விதத்தில் ஒன்று என்றாய். “ரெண்டுலயும் ஆளுங்க செத்துப்போவாங்க” என்றாள். நீ பென்சிலால் ஒரு முட்டை போட்டாய். நானாக இருந்தால் அந்தப் பதிலுக்கு எழுந்து நின்றிருப்பேன்.

அப்புறம் கட்டை. அட்டையில் இருக்கிற படம் போல அடுக்க வேண்டும், முடித்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும் என்றாய். சட்டென்று அடுக்கினாள். அடுக்கிவிட்டு இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏன் தூக்கினாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். இஸ்திரி போடுகிற ரோலர் மிஷினில் விரிப்பை ஓரம் பிடித்துக் கொடுக்கிறவள், கொடுத்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். மிதிகட்டையில் நிற்கிறவன் பத்து விரலையும் கண்ணால் பார்த்துவிட்டு ‘விடு’ என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கலாம், வாயைத் திறக்கலாம். அந்த விதி வருவதற்கு முன்னால் ஒருத்திக்கு மூன்று விரல் போனது. உன் அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் இரண்டு பேரும் நேராகச் சலவைக்கூடத்துக்குத்தான் வருவீர்கள். அதனால் உங்களுக்கும் அதே விதி. கத்தி பிடித்தாலும் அடுப்பு பற்ற வைத்தாலும் வேலை முடிந்தால் கையைத் தூக்கு, விடு என்று சொல்லும்வரை அசையாதே. நீயே ஒண்ணாம் வகுப்பில் சிலேட்டில் எழுதி முடித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, போலீஸ்காரனைப் பார்த்த திருடன் மாதிரி இருக்கிறாயே என்று வாத்தியார் சிரித்ததற்கு அன்றைக்கெல்லாம் அழுதவன்.

அவள் கையைத் தூக்கிக்கொண்டு உன் வாயைப் பார்த்தாள். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். நேரம் முடிந்தும் முடிந்தது என்ற சொல் வரவில்லை என்று முட்டை. அடுத்த அட்டை. மறுபடியும் முட்டை. ஒன்பது அட்டையும் சரியாக அடுக்கினாள். ஒன்பது முட்டை போட்டாய்.

நோட்டில் தலைமை ஆசிரியை முத்திரை வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய். அங்கே ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே அவளைப் பின்பக்கத்து அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அங்கே பாடம் கிடையாது, பாசிமணி கோக்கலாம். பிள்ளைகள் அவளை அறுபத்தெட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை வந்தால் மாப்பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு நான் சோதித்த விதம் தப்பு, அந்த நம்பர் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாலு வரி போதும். நீ புத்தகமாக எழுதுகிறவன், நாலு வரிக்கு உனக்கு மை குறையாது.

டைப்பிஸ்ட் கடைசியில் ‘ஆசீர்வாதங்களுடன்’ என்று தானாகப் போட்டுவிட்டார். கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்கிறார். தெரியட்டும்.

அப்பா



மகனுக்கு,

உன் கவர் வந்தது. பதினாலு பக்கம். நான் கேட்டது நாலு வரி.

அந்த நம்பரை இன்றைக்கு உலகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அந்தக் காலமே போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். உலகத்தை விடு, இந்தக் கோர்ட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். உன் தங்கைக்கு மனிதரை அறியும் அறிவும் உடல் அறிவும் மிகுதி என்று சான்றிதழ் தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் சோதனை தப்பு என்று மட்டும் எழுத முடியாதாம். விதிப்படிதான் செய்தாயாம். சோதிக்கிறவன் வாயைத் திறந்து உதவக் கூடாது என்பது விதியாம். செய்தது தப்பு என்று நீயே எழுதிக் கொடுத்தால் உன் தொழிலில் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்கச் சொல்கிறாய். யோசித்தேன். இளக்காரமாகப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் பார்க்கட்டுமே. அவளை முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் பார்க்கிறார்கள்.

வக்கீலம்மா உன் பதினாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பெரியவரே, இதைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீங்க. நம்பர் சரிதான்னு ஒத்துக்கிட்டு, அதுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி இருக்கு. எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது” என்றார். உன் சான்றிதழின் யோக்கியதை அவ்வளவுதான்.

உன் தங்கைக்கும் வாசித்துக் காட்டினோம். தலையணை உறை மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, “எட்டுல ரெண்டு எனக்குக் குடுத்திருக்கார் அண்ணன். பரவாயில்ல. மீதி ஆறும் அவருக்கே தேவைப்படும்போல” என்றாள். டைப்பிஸ்ட் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. எந்த வகை அறிவில் இதைச் சேர்ப்பாய் என்று எழுது.

அறிவு பல விதம் என்று நீ சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. நாற்பது வருஷம் நூறு பேரோடு வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாதா? எழுதத் தெரிந்த மேஸ்திரி ஒருத்தன் கொதிக்கிற தண்ணீரில் ரத்தக்கறைத் துணியைப் போட்டு, கறையை நிரந்தரமாக்கி ஒரு வண்டி விரிப்பைப் பாழாக்கினான். ஊமைப்பெண் ஒருத்தி மிஷின் சத்தத்தைத் தரையில் காலால் கேட்டு, பெல்ட் அறுவதற்கு முன்னாலேயே கையைக் காட்டுவாள். விதம் எத்தனை இருந்தால் என்ன? எட்டு என்று வைத்தால் எட்டுக்கும் ஒருத்தன் மேஜைக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தோடு உட்காருவான். உட்காருகிறவன் எதிரில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிறானா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதினாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

இன்னொன்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஞாபகம் என்பது தானாகக் கதை கட்டும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாகக் கட்டும், ஆராய்ச்சி இருக்கிறது, நீங்கள் சொல்வதுபோல அவள் கையைத் தூக்கியது எனக்கு நினைவில்லை என்று.

எனக்கு எழுத்து கிடையாது. எழுதி வைத்துவிட்டு மறந்துபோகிற வசதியும் கிடையாது. அதனால் கேட்டுக்கொள். அன்றைக்கு நீ நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தாய், இரண்டாவது பொத்தானுக்கு வேறு நிறத்து நூல். அவள் வலது முழங்காலில் காய்ந்த காயம். மூலை உடைந்த கட்டையை எப்போதும் இடது ஓரத்தில்தான் வைத்தாள், உடைசல் உள்பக்கம் திரும்பும்படி. மூன்றாவது அட்டை, நடுவில் சாய்சதுரம். அதை முடித்துக் கையைத் தூக்கினாள். நீ நிமிர்ந்தாய். அவள் கையைப் பார்த்தாய். உன் உதடு பிரிந்தது. பிறகு விதி ஞாபகம் வந்தது போலிருக்கிறது, மூடிக்கொண்டு குனிந்துவிட்டாய். மிச்சம் ஆறு அட்டைக்கும் நீ நிமிரவே இல்லை. கவனிக்காமல் விட்டவன் அப்படிக் குனியமாட்டான். இது கட்டின கதை என்றால் உன் ஆராய்ச்சியைக் கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்.

நீ எழுதாவிட்டால் இருபத்திமூன்றாம் தேதி நானே கூண்டில் ஏறப்போகிறேன்.

அப்பா



மகனுக்கு,

வாய்தா முடிந்தது. உன் பங்குக்கு ஒரு வரியும் வரவில்லை. ஏறினேன்.

மாப்பிள்ளையின் வக்கீல் எடுத்த எடுப்பில் அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து, “படிங்க பெரியவரே” என்றான். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “முத்திரை தலைகீழா நிக்குது, திருப்பிக் குடுங்க” என்றேன். ஆஸ்பத்திரித் துணியை முத்திரை பார்த்தே பிரித்தவனுக்குத் தலைகீழ் தெரியாதா? ஜட்ஜ் அம்மாவே சிரித்துவிட்டார். வக்கீல் காதுவரை சிவந்தான். அதோடு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை, கட்டை, ஒன்பது அட்டை, ரோலர் மிஷின், விடு என்கிற வார்த்தை. ஜட்ஜ் அம்மா எழுதிக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னார், காட்டினேன். உன் தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான். “இவ்வளவும் தெரிஞ்சிருக்கே, நீங்க அங்கேயே நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?” ஆமாம், வாசப்படியில் என்றேன். “பொண்ணு ஒன்பது தடவையும் கையைத் தூக்கினதைப் பாத்தீங்க?” பார்த்தேன் என்றேன். “அந்த வார்த்தையைக் கத்துக்குடுத்ததே நீங்க. அப்ப நீங்க ஏன் பெரியவரே சொல்லல?”

எனக்கு வாய் வரவில்லை. ஜட்ஜ் அம்மா காத்திருந்தார். உன் தங்கை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் அன்றைக்கு உன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள், வாசலுக்கு முதுகு. இத்தனை வருஷமும் நான் வேறெங்கோ வேலையாக இருந்தேன் என்று நினைத்திருக்கிறாள். அப்படி நினைக்கவிட்டது நான்தான்.

பதில் சொல்லாததும் ஒரு பதில்தான் என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டான். சோதித்தவரே நேரில் வந்து சொன்னால் காகிதத்தைத் தள்ளிவிடலாம், அவர் வராவிட்டால் இருப்பதை வைத்துத்தான் தீர்ப்பு என்று ஜட்ஜ் அம்மா அடுத்த தேதி கொடுத்துவிட்டார். வெளியே பெஞ்சில் பேத்தி வக்கீலம்மாவிடம், நான் என் துணியை எல்லாம் எடுத்து வைக்கணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். உன் தங்கை எனக்குச் சோறு போட்டாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்ப்பா என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

கோர்ட்டில் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். எனக்கு உன்னிடம் பயமாக இருந்தது. நம் வீட்டில் முதல்முதலாகக் காலேஜுக்குப் போனவன், கையில் கடிகாரம், முன்னால் அச்சடித்த புத்தகம். குறுக்கே ஏதாவது சொன்னால், உங்களுக்குத் தெரியாதுப்பா, பேசாம இருங்க என்று சொல்லிவிடுவாயோ என்று இருந்தது. உனக்குத் தெரிந்திருக்கும், நீ பார்த்துக்கொள்வாய் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நீ விதிக்குப் பயந்தாய், நான் உனக்குப் பயந்தேன். நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை. இரண்டு கடிதமாக உன்னை மட்டும் திட்டியிருக்கிறேன். ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திட்டுக்கு ஆள் ஒன்று குறைத்துச் சொல்லிவிட்டேன், அதை மட்டும் திருத்திக்கொள்.

டைப்பிஸ்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுங்கள் என்று அதட்ட வேண்டியிருந்தது.

நாலு வரியும் வேண்டாம், பதினாலு பக்கமும் வேண்டாம். நீ வர வேண்டும். அந்தக் கூண்டில் ஏறி, பார்த்தேன், பார்த்தும் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். உன் பேர் கெடும் என்பது உண்மைதான், இல்லை என்று ஏமாற்றமாட்டேன். ஆனால் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர். நான் ஒருத்தன் மட்டும் சொன்னால் அது கிழவனின் உளறலாகவே இருக்கிறது.

வாய்தா பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை. புதன்கிழமையே வந்துவிடு. உன் தங்கை உனக்குப் படுக்கை விரித்துப் போடுவாள், அவள் சுபாவம் அப்படி. நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலும் இருப்பேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடாதே.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா